காபரேட்டர் இறுகிப்போச்சு

போன தை மாதம், விடிந்து கொஞ்ச நேரம்தான். கடைப் பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது உருத்திரபுரத்திலிருந்து ஓர் அழைப்பு.

"தம்பி, எங்கட காபரேட்டர் இறுகிப்போச்சு. உம் எண்டு சத்தம் மட்டும் வருது. ஒருக்கா வந்து பாக்கிறியளோ?"

காபரேட்டர் எனக்கு அத்துபடி. பரந்தனில் மோட்டார் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். தொழில் பழகியது போர்க்காலத்தில், வன்னிக்குப் பெட்ரோல் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில். பெட்ரோலைச் சின்னப் போத்தலில் மருந்து போல வைத்திருந்து, இரண்டு சொட்டு காட்டி ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய மோட்டார் சைக்கிள்கள். அவற்றின் காபரேட்டரைக் கழற்றிக் கழுவிக் கழுவியே என் விரல் நகம் கறுத்தது. ஆனால் காபரேட்டர் 'உம்' என்று சத்தம் போடாதே? அது அடைக்கும், ஒழுகும், இறுகாது. யோசித்தபடியே ஜெட் குத்தும் மெல்லிய கம்பி, குறடு, ஸ்பனர்கள், அரைப் போத்தல் பெட்ரோல் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

அக்கா என்னை மோட்டார் சைக்கிளிடம் கூட்டிப் போகவில்லை. குசினிக்குக் கூட்டிப் போய், சிங்குக்குக் கீழே இருந்த அலுமாரிக் கதவைத் திறந்தார். இரண்டு இளநீரை ஒன்றின்மேல் ஒன்று வைத்த அளவில் ஒரு கறுப்பு உருளை அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. கனடாவில் சாப்பாட்டுக் கழிவை அரைத்துத் தண்ணீரோடு அனுப்பும் மெசினுக்கு 'கார்பரேட்டர்' (garburator) என்று பெயராம். குப்பைக்கான ஆங்கிலச் சொல்லின் தலையையும் காபரேட்டரின் வாலையும் ஒட்டியது போல ஒரு சொல். எட்மன்ரனில் பல வருடம் இருந்துவிட்டு ஊரில் வீடு கட்டிய அக்கா, கட்டில், அலுமாரியோடு இதையும் கொண்டுவந்து பூட்டியிருந்தார்.

அதற்குப் பிறகு இன்னும் மூன்று வீடுகளில் இதே மெசினுக்குப் போய்விட்டேன். வெளிநாட்டிலிருந்து வந்து கட்டும் வீடுகளில் இது இப்போது மெல்ல மெல்ல ஏறுகிறது. பெரும்பாலான பழுதுக்கு மெக்கானிக் தேவையில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

கை வைக்க முன்

பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை நிறுத்தினால் காணாது, பிளக்கையே சுவரிலிருந்து கழற்ற வேண்டும். கழற்றிய பிளக்கை உங்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள். நான் அதை என் தோளில் போட்டுக்கொள்வேன். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நீங்கள் அலுமாரிக்குள் தலையை விட்டிருக்கும்போது "லைற் வேலை செய்யுதோ எண்டு பாத்தனான்" என்று பிள்ளைகள் சுவிட்சைத் தட்டுவது எல்லா வீட்டிலும் நடப்பது.

இரண்டாவது, பிளக் தோளில் இருந்தாலும் மெசினின் வாய்க்குள் விரலை விடாதீர்கள். இறுகியிருக்கும் தட்டு திடீரென்று விடுபட்டால் விரலை நசுக்கும். அடுப்புக் குறடோ நீள மூக்குக் குறடோ போதும்.

மூன்றாவது ஏர்த். இந்த மெசின்கள் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸுக்குச் செய்தவை. நம்முடைய கரண்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ஆகவே இடையில் வோல்ட்டை இறக்கும் ஒரு ட்ரான்ஸ்போமர் இருக்கும். மலிவான ட்ரான்ஸ்போமர்களிலும், தட்டைப் பின்னைச் சதுரப் பின்னாக்கும் அடாப்டர்களிலும் ஏர்த் கம்பி பாதி வழியில் நின்றுவிடும். சிங்க் இரும்பு, நிலம் ஈரம், காலில் செருப்பு இல்லை. இந்த மூன்றும் சேருமிடத்தில் ஏர்த் இல்லாமல் ஒரு மோட்டார் தொங்கக் கூடாது. வயரிங் செய்பவரைக் கூப்பிட்டு மெசினின் உடம்பிலிருந்து வீட்டு ஏர்த் வரை தொடர்ச்சி இருக்கிறதா என்று மீற்றர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

உள்ளே என்ன இருக்கிறது

எல்லோரும் நினைப்பது போல உள்ளே கத்தி இல்லை. மோட்டாரின் தலையில் ஒரு வட்டத் தட்டு. தட்டின் மேல் இரண்டு இரும்புக் கட்டிகள் ஆணியில் ஆடியபடி இருக்கும். சுற்றிவரப் பல்லுப் பல்லான ஓர் இரும்பு வளையம். தட்டு சுற்றும் வேகத்தில் கழிவு ஓரத்துக்கு எறிபடும். சூடடிக்கும் மெசினுக்குள் கதிர் எறிபட்டு அடிபடுவது போலத்தான். கட்டிகள் அதை வளையத்தோடு அடித்துத் தேய்க்க, தூளானது தண்ணீரோடு கீழே இறங்கும். 1927இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ரசீன் என்ற ஊரில் ஜோன் ஹாம்ஸ் என்ற கட்டடக் கலைஞர் கண்டுபிடித்தது. கிட்டத்தட்ட நூறு வருடம் ஆகியும் அடிப்படை மாறவில்லை.

இது தெரிந்தால் இறுகுவது எங்கே என்பதும் தெரிந்துவிடும்: தட்டுக்கும் வளையத்துக்கும் இடையில் இருக்கும் ஒடுங்கிய வெளியில், அல்லது அந்தக் கட்டிகளில் ஒன்றுக்கும் வளையத்தின் பல்லுக்கும் இடையில்.

சத்தத்தைக் கேளுங்கள்

சுவிட்சைப் போட்டால் மெசின் என்ன சொல்கிறது? நோய் பாதி அதிலேயே பிடிபட்டுவிடும்.

சத்தமே இல்லை என்றால் கரண்ட் மோட்டாருக்குப் போகவில்லை. மெசினின் அடிவயிற்றைத் தடவிப் பாருங்கள். சிவப்பு நிறத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்தால் அது வெளியே துள்ளித் தொடர்பைத் துண்டிக்கும். பத்துப் பதினைந்து நிமிடம் ஆற விட்டு, உள்ளே அழுத்துங்கள். 'டிக்' என்று நின்றால் சரி. நிற்காமல் திரும்பத் திரும்ப வெளியே வந்தால் இன்னும் சூடு ஆறவில்லை, அல்லது உள்ளே சுருள் எரிந்திருக்கிறது. பொத்தான் உள்ளேயே இருந்தும் சத்தமில்லை என்றால் வீட்டு ட்ரிப் சுவிட்ச், ட்ரான்ஸ்போமரின் பியூஸ், சுவர்ச் சுவிட்ச் என்று வரிசையாகப் பின்னோக்கிப் போங்கள்.

சுவர்ச் சுவிட்சைச் சும்மா கடந்து போகாதீர்கள். புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வீட்டில் மெசின் செத்துவிட்டது, புதுசு எடுப்பிக்கப் போகிறோம் என்று நின்றார்கள். மெயினை நிறுத்திவிட்டுச் சுவிட்சைக் கழற்றினேன். உள்ளே ஒரு தேக்கரண்டி அளவுக்குச் செத்த எறும்பு. தொடுமுனைகளுக்கு நடுவே எறும்பு பொரிந்து கரியாகிக் கிடந்தது. பழைய பல்லுத் தூரிகையால் தட்டித் துடைத்தேன், மெசின் ஓடியது. வாட்டர் பம்ப் சுவிட்ச்களில் இதை மாதத்துக்கு இரண்டு தடவையாவது பார்க்கிறேன். சிலவேளை எறும்புக்குப் பதில் பல்லி.

'கடகட' என்று கரண்டிச் சத்தம் வந்தால் அது கரண்டிதான். நிறுத்துங்கள், பிளக்கைக் கழற்றுங்கள், ரோச் அடித்துப் பாருங்கள், குறடால் எடுங்கள். வேறொன்றும் இல்லை.

'உம்' என்று முனகினால், அதுதான் இறுக்கம். இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். முனகும் மோட்டாரை ஒருபோதும் அப்படியே விடாதீர்கள். "கொஞ்சம் விட்டால் தானே எடுக்கும்" என்று சுவிட்சைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள்தான் என் கடைக்கு எரிந்த மோட்டார் கொண்டுவருகிறவர்கள். சுற்றாமல் நிற்கும் மோட்டார், ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். இரண்டு மூன்று விநாடிக்குள் நிறுத்திவிடுங்கள். சிவப்புப் பொத்தான் காப்பாற்றும் என்று நம்பிப் பரிசோதிக்காதீர்கள்.

இறுக்கத்தை எடுப்பது

அக்காவின் மெசின் முனகிற சாதி. பிளக் என் தோளில். முதலில் சிங்க் வாயில் இருந்த கறுப்பு இறப்பர் மடலை விரித்து உள்ளே ரோச் அடித்தேன். தண்ணீர் கொஞ்சம் தேங்கி நின்றது, ஒன்றும் தெரியவில்லை. பழைய துணியால் ஒற்றி எடுத்தேன். தட்டு தெரிந்தது. தட்டைச் சுற்றி நரைத்த மயிர் போல ஏதோ.

அடியில் நடு மையத்தில் அறுகோணத் துவாரம் ஒன்று இருக்கும். அது மோட்டார் அச்சின் நேரடி வால். அதற்குள் அலன் சாவியைச் செருகித் திருப்பினால் தட்டும் கூடவே திரும்பும். மேலிருந்து குத்திக் கிளறுவதைவிட இது நூறு மடங்கு சுகம். கூட வந்த சாவி எங்கே என்று கேட்டேன். "அது பெட்டியோட எங்கயோ, தம்பி." எல்லா வீட்டிலும் இதே பதில்தான்.

துவாரம் கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர். நம் கடைகளில் கிடைக்கும் செட்களில் பெரும்பாலும் மில்லிமீட்டர்ச் சாவிதான். 6 இருக்கும், அடுத்தது 8. 6ஐப் போட்டால் உள்ளே ஆடும். ஆடும் சாவியை வலுவாகத் திருப்பினால் துவாரத்தின் மூலைகள் மழுங்கி வட்டமாகிவிடும். பிறகு எந்தச் சாவியும் பிடிக்காது. அன்று நான் செய்தது இது: வெறும் சோடா ரின் ஒன்றைக் கத்தரிக்கோலால் வெட்டி, விரல் அகலத்துக்கு ஒரு தகட்டுத் துண்டு எடுத்து, 6 சாவியின் முனையைச் சுற்றி ஒரு சுற்று மடித்தேன். இறுக்கமாக உள்ளே ஏறியது. இது அவசரத்துக்குத்தான். சரியான சாவி வேண்டுமென்றால் பழைய மாசி பேர்குசன் உழவு இயந்திரம் பார்க்கும் கராஜில் கேளுங்கள். அந்த இயந்திரங்களின் ஆணிகள் அங்குலக் கணக்கு என்பதால் அவர்களிடம் அங்குலச் சாவி இருக்கும்.

இனித் திருப்புவது. வலப்பக்கம் கொஞ்சம், இடப்பக்கம் கொஞ்சம், மறுபடி வலம். ஒரே பக்கம் மல்லுக்கட்டினால் சிக்கிய பொருள் ஆப்புப் போல இன்னும் இறங்கும். முன்னும் பின்னும் ஆட்டினால் ஒவ்வொரு தடவையும் நூலளவு இடம் விடும். அக்காவின் மெசினில் முதலில் அசைவே இல்லை. நான்கைந்து தடவைக்குப் பிறகு சாவி நெல்லளவு நகர்ந்தது. பிறகு இன்னும் கொஞ்சம். பிறகு உள்ளே 'கடுக்' என்று ஒரு சத்தம். கைக்குள் பாரம் சட்டென்று குறைந்தது. அலுமாரிக்குள் படுத்திருந்தவனுக்கு அந்தச் சத்தம் கோயில் மணி மாதிரி.

மேலே வந்து ரோச் அடித்தேன். நகத்தளவு சிரட்டைத் துண்டு ஒன்று தட்டின் மேல் கிடந்தது. குறடால் எடுத்தேன். ஆனால் சிரட்டை தனியாக வந்த விருந்தாளி இல்லை. தட்டின் கீழ்ப்புறம் அச்சைச் சுற்றிப் பனங்கிழங்குத் தும்பு கயிறாய் முறுகியிருந்தது. தை மாதம், கிழங்கு காலம். அக்காவின் அம்மா கிழங்கு அவித்து உரித்து, தோலையும் தும்பையும் சிங்குக்குள் போட்டிருக்கிறார். "மெசின் எல்லாம் அரைக்கும் எண்டு பிள்ளை சொன்னவள்" என்றார் அம்மா. பிள்ளை சொன்னது எட்மன்ரன் குப்பைக்கு. பனங்கிழங்கைப் பற்றி அந்த மெசினுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

தும்பை எடுக்க நீள மூக்குக் குறடால் ஒரு நுனியைப் பிடித்து, கீழே சாவியை, தும்பு சுற்றின திசைக்கு எதிர்த் திசையில் மெல்லத் திருப்ப அக்காவிடம் சொன்னேன். நூல் உருண்டையைக் குலைப்பது போல வந்தது. வராத இடத்தில் பழைய கறிக்கத்தியின் நுனியால் அறுத்து அறுத்து எடுத்தேன். எல்லாம் சேர்த்து ஒரு கைப்பிடி. இருபது நிமிடம் பிடித்தது.

அடியில் துவாரமே இல்லாத மெசின்களும் உண்டு. அவற்றுக்கு மேலிருந்துதான் வழி. தும்புத்தடியின் காம்பைக் கழற்றி உள்ளே விட்டு, தட்டின் மேலுள்ள கட்டிகளில் ஒன்றுக்கு முட்டுக் கொடுத்து, அதே மாதிரி முன்னும் பின்னும் தள்ளுங்கள். மரக் காம்பாக இருக்க வேண்டும். அலவாங்கு, இரும்புக் கம்பி வேண்டாம். வளையத்தின் பல்லை உடைப்பீர்கள்.

தட்டு சுகமாகச் சுற்றுகிறது என்று தெரிந்த பிறகுதான் பிளக். சாவி, குறடு, துணி எல்லாம் வெளியே வந்துவிட்டதா என்று எண்ணிப் பாருங்கள். அடியில் சாவியை மறந்துவிட்டு மெசினைப் போட்டால் அது சுழன்று அலுமாரிக் கதவைத் துளைக்கும். சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள். தண்ணீரைத் திறவுங்கள். பிறகு சுவிட்ச். முதல் தடவை ஒரு விநாடி போட்டு நிறுத்துங்கள், இன்னொரு தடவை, பிறகு ஓட விடுங்கள்.

தட்டு சுற்றுகிறது, ஆனால் இன்னும் முனகுகிறது

சாவியால் திருப்பினால் இலேசாகச் சுற்றும், கரண்ட் கொடுத்தால் உம் என்று நிற்கும். இப்படியானால் இறுக்கம் இல்லை. மோட்டாருக்குக் கிளம்பப் பலம் இல்லை. வாட்டர் பம்பில், மோட்டாரைக் கிளப்ப உதவும் கெப்பாசிட்டர் போனால் வரும் அதே சத்தம். கெப்பாசிட்டர் உள்ள மெசினில் அதை மாற்றலாம். இல்லாதவற்றில் கிளப்பும் சுருளோ அதன் சுவிட்சோ போயிருக்கும். அது கடை வேலை.

ஆனால் மோட்டாரைப் பிரிக்க முன் ட்ரான்ஸ்போமரைப் பாருங்கள். அரைக் குதிரை வலு மெசினுக்கு 1000 வாட் போதும் என்று விற்பவர் சொல்லுவார். ஓடப் போதும், கிளம்பப் போதாது. என் கணக்கு 2000க்குக் குறையக் கூடாது. பின்னேரம் ஊரெல்லாம் லைற் போடும் நேரத்தில் வோல்ட் இறங்கும் இடங்களில் இன்னும் மோசம். காலையில் ஓடுகிற மெசின் ஏழு மணிக்கு முனகுகிறதென்றால் பழுது மெசினில் இல்லை.

இன்னொன்று. சரியான ட்ரான்ஸ்போமர் போட்டும் சிவப்புப் பொத்தான் அடிக்கடி துள்ளுகிறது என்பார்கள். வோல்ட்டை இறக்கலாம், ஹேர்ட்ஸை ட்ரான்ஸ்போமரால் மாற்ற முடியாது. 60க்குக் கட்டிய மோட்டார் 50இல் ஓடும்போது நிமிடத்துக்கு 1725 சுற்று என்றிருப்பது 1400 சொச்சத்துக்கு இறங்கும். 120 வோல்ட்டையே கொடுத்தால் உள்ளே இரும்பு தாங்கக்கூடியதை மீறிக் காந்தமாகி, மோட்டார் கரண்டைக் கூட இழுத்துச் சூடாகும். 50 ஹேர்ட்ஸுக்கு அந்த மோட்டாரின் சரியான வோல்ட் 100தான். 100 வோல்ட் வெளியீடுள்ள ட்ரான்ஸ்போமர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் அரை நிமிடம் ஓட்டுங்கள், ஆற விடுங்கள். இனிமேல்தான் கொண்டுவரப் போகிறீர்கள் என்றால், 230 வோல்ட் 50 ஹேர்ட்ஸ் என்று தகட்டில் அடித்த மெசினாகப் பார்த்து வாங்குங்கள். இந்தப் பந்தி முழுக்க உங்களுக்குத் தேவைப்படாது.

பூட்டிக் கிடந்த வீடு

ஒன்றும் போடாமலேயே இறுகுவதும் உண்டு. ஆறு மாதம் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய், திருவிழாவுக்குத் திரும்பி வந்து சுவிட்சைப் போட்டால் உம். தட்டும் வளையமும் துருவால் ஒட்டியிருக்கும். காலபோக மழையில் பம்பை மூலையில் போட்டுவிட்டு, சிறுபோகத்துக்கு எடுத்து நேரே கரண்ட் கொடுப்பவர்களுக்கும் இதுதான் நடக்கும். வந்தவுடன் சுவிட்சைத் தொடாமல் முதலில் சாவியால் இரண்டு பக்கமும் சுற்றிப் பாருங்கள். போகும்போது நல்ல தண்ணீர் விட்டு ஓட்டி, வாயை மூடிவிட்டுப் போங்கள். பக்கத்து வீட்டில் யாரிடமாவது திறப்பு இருந்தால், பத்து நாளுக்கு ஒருமுறை தண்ணீரோடு ஒரு நிமிடம் போடச் சொல்லலாம்.

தண்ணீர் இறங்கவில்லை

மெசின் ஓடுகிறது, சிங்கில் தண்ணீர் நிற்கிறது. இது மெசினின் குற்றம் இல்லை, குழாயின் குற்றம். சிங்குக்குக் கீழ் போத்தல் போலத் தொங்கும் பிளாஸ்ரிக் பகுதியோ, யூ வளைவோ இருக்கும். கீழே வாளி வைத்து, கையாலேயே திருகிக் கழற்றலாம். உள்ளே என்ன இருக்கும்? எங்கள் வீடுகளில் பெரும்பாலும் புட்டு. மிச்சப் புட்டும் சோறும் அரைபட்டதும் பசையாகி, ஊறி, இரவோடிரவாகச் சீமெந்து மாதிரிப் பிடிக்கும். அதன் மேல் தேங்காய்ப்பால் கொழுப்பு. தேங்காயெண்ணெய் 24 பாகை அளவில் உறையும். மார்கழி, தை விடியற்காலைகளில் போத்தலில் உறைவது போலக் குழாயிலும் உறையும்.

அடைப்பு எடுக்கும் இரசாயனத் தூளை இந்த மெசினுக்குள் கொட்டாதீர்கள். அடைப்பு எடுபடாவிட்டால் அந்தக் கரைசல் அங்கேயே நிற்கும். அடுத்ததாகக் குழாயைக் கழற்றுகிறவரின் முகத்தில்தான் அது தெறிக்கும். பெரும்பாலும் அந்த ஆள் நான்.

ஒரு வெட்கக்கேட்டையும் சொல்கிறேன். விசுவமடுவில் ஒரு வீடு. தண்ணீர் இறங்கவில்லை. போத்தலைக் கழற்றினேன், சுத்தம். மெசினின் வெளிவாய் முழங்கையைக் கழற்றினேன், சுத்தம். மெசினையே இறக்கினேன். சுவருக்குள் போகும் குழாயில் கம்பி விட்டேன். மத்தியானம் ஆகிவிட்டது. கை கழுவக் கிணற்றடிக்குப் போனபோதுதான் பார்த்தேன், குசினித் தண்ணீர்க் குழாய் வாழையடியில் போய் முடிகிறது. நம் ஊரில் குசினித் தண்ணீர் வேறெங்கே போகும்? குழாயின் வாயை வாழை வேர் பொத்தி, அதன் மேல் மூன்று மாத அரைத்த கழிவு சேறாய் ஏறியிருந்தது. மண்வெட்டியால் நான்கு வெட்டு. சிங்க் 'கொர்' என்று விழுங்கியது. அன்றிலிருந்து தண்ணீர் நிற்கிறது என்றால் முதலில் வளவைச் சுற்றி வருகிறேன், பிறகுதான் குசினி. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

வாழையடிக்குப் போகும் குழாயில் இந்த மெசினைப் பூட்டினால் ஈயும் எலியும் வரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பெருந்தெருக் கழிவுக் குழாய் உள்ள ஊருக்காகச் செய்த மெசின் இது. மலசலகூடக் குழிக்குத் திருப்பினால் குழி சீக்கிரம் நிரம்பும். மூடியுள்ள ஒரு சின்னத் தொட்டி கட்டி, கழிவு அதில் படிந்து மேல் தண்ணீர் மட்டும் வாழைக்குப் போகும்படி செய்வதுதான் ஓரளவு சரி. தொட்டியை மாதாமாதம் அள்ள வேண்டும்.

ஒழுக்கு, மணம்

எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க: சிங்க் வாயை அடைத்து, மஞ்சள் தூள் கலந்த தண்ணீரை நிரப்புங்கள். கீழே ஒரு வெள்ளைத் தாளால் மேல் விளிம்பு, பக்கக் குழாய், அடி என்று ஒற்றிக்கொண்டு வாருங்கள். மேல் விளிம்பில் மஞ்சள் பிடித்தால் அங்குள்ள ஆணிகளைச் சமமாக இறுக்குங்கள். நிற்காவிட்டால் கழற்றிப் புதுப் பட்டிப் பசை வைக்க வேண்டும். மேல் சுத்தம் என்றால் அடைப்பை எடுத்துத் தண்ணீரை ஓட விட்டு மறுபடி ஒற்றுங்கள். பக்கத்தில் என்றால் இறப்பர் வளையம் மாற்றினால் சரி. அடியிலிருந்து, சிவப்புப் பொத்தான் பக்கமாகச் சொட்டினால் உள் சீல் போய்த் தண்ணீர் மோட்டாருக்குள் இறங்குகிறது. பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த மெசினை மறந்துவிடுங்கள். திருத்தித் தருகிறேன் என்று காசு வாங்குகிறவர்களிடம் கவனம்.

மணம் பெரும்பாலும் இறப்பர் மடலின் அடிப்பக்கத்தில்தான். மடலை மேலே புரட்டி, சவர்க்காரமும் பழைய பல்லுத் தூரிகையும் போட்டு உரஞ்சுங்கள். பிறகு பிழிந்த தேசிக்காய்க் கோதும் ஒரு பிடி ஐஸ் கட்டியும் போட்டு ஓட்டலாம்.

அரைக்கும்போது குளிர்ந்த தண்ணீர் விடச் சொல்வார்கள். கொழுப்பு உருகிக் குழாய்க்குள் போய் உறையாமல், கட்டியாகவே அரைபட்டுப் போவதற்காக. வன்னியில் மத்தியானம் கூரை டாங்கித் தண்ணீர் தேத்தண்ணி போடும் சூட்டில் வரும். ஆகவே அரைக்கிற வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். தண்ணீர் முதல், சுவிட்ச் பிறகு, கழிவு கொஞ்சம் கொஞ்சமாக. சத்தம் தெளிந்த பிறகும் கால் நிமிடம் தண்ணீர் ஓடட்டும்.

போடக் கூடாதவை: சிரட்டை, தேங்காய்த் தும்பு, பனம்பழத் தும்பு, கிழங்குத் தோல், முருங்கைக்காய்ச் சக்கை, வாழைப்பூ மடல், மாங்கொட்டை, நண்டுக் கோது, ஆட்டெலும்பு, மிச்ச எண்ணெய். இதையெல்லாம் அக்காவிடம் சொல்லிக்கொண்டு வந்தபோது அம்மா இடையில் கேட்டார்: "அப்ப தம்பி, இது என்னத்தைத்தான் அரைக்கும்?"

மரக்கறித் தோல், பழத்தோல், மீன் செதில், தட்டில் ஒட்டின நாலு பருக்கை என்றேன்.

"அதுக்கு எங்கட ஆடும் கோழியும் காணுமே."

அக்கா கேட்காதது போல நின்றார். நான் கால் அங்குலச் சாவி ஒன்றைப் பிறகு ஒரு கராஜில் வாங்கிக்கொண்டுபோய், சிங்குக்குக் கீழ் அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஓர் ஆணி அடித்து, கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். கயிறு வேண்டுமென்று கேட்டபோது அம்மா உள்ளே போய் எடுத்து வந்தார். அன்று மெசினிலிருந்து நான் உருவிப் போட்ட தும்பைக் கழுவிக் காயவைத்து, தொடையில் வைத்துத் திரித்திருந்தார்.